சிக்னலில் நின்றால் ஹீட், ஓடினால் நார்மல்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

தாம்பரத்தான்

ஜனவரியில் ஆரம்பித்தது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பி, பெருங்களத்தூரைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் ஆனது. வண்டலூர் வரும் முன்பே ஏசியில் குளிர்ச்சி போய் வெறும் காற்று வர ஆரம்பித்தது. டாஷ்போர்டைப் பார்த்தால் டெம்பரேச்சர் ஊசி முக்கால்வாசியில் நிற்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டுகிற வண்டி, பாதிக்கு மேல் அந்த ஊசி ஏறி நான் பார்த்ததே இல்லை. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓரம் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் நெரிசல் விட்டது. கொஞ்ச தூரம் வேகமாகப் போனதும் ஊசி தானாகவே பாதிக்கு வந்து உட்கார்ந்தது. பரனூர் டோல்கேட் வரிசையில் மறுபடி ஏறியது, கிளம்பியதும் இறங்கியது. அதன்பின் ஊர் போய்ச் சேரும்வரை அசையவில்லை. கூட்டத்தில் நின்ற சூடு என்று நானும் விட்டுவிட்டேன்.

வண்டி 2011 மாடல், சின்ன பெட்ரோல் கார். பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இதில் வண்டி மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஊரிலிருந்து திரும்பி மெக்கானிக்கிடம் காட்டினேன். ரேடியேட்டரில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. அதை வடித்துவிட்டு, பச்சைக் கூலன்ட் ஊற்றி, மூடியையும் புதிதாக மாற்றினார். அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து பைபாஸில் ஒரு ரவுண்டு. "பாருங்க சார், ஊசி அசையுதா?" அசையவில்லை. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மேடவாக்கம் சிக்னலில் மூன்றாவது நிமிடம், மறுபடி முக்கால்வாசி.

அடுத்த தடவை தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறக்கிற வால்வு. அதற்கடுத்து ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் கடைக்கு அனுப்பி உள்ளே சுத்தம் செய்தார்கள். அப்புறம் வாட்டர் பம்ப், பம்ப்போடு பெல்ட். ஒவ்வொரு தடவையும் அதே பைபாஸ் ரவுண்டு, அதே "பாருங்க சார்". நான்கு மாதத்தில் பதினான்காயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகச் செலவானது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். மாற்றிய ஒவ்வொன்றும் வண்டி ஹீட் ஆவதற்குக் காரணமாக இருக்கக்கூடிய பொருள்தான். ஆனால் வண்டி நின்றால்தான் வருகிற கோளாறை, வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டிருந்தோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல்தான் கோபம் வருகிறது.

ஏப்ரலில் பொறுமை போய், ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகுகிற ஓபிடி கருவி ஒன்று வாங்கினேன். ப்ளூடூத்தில் போனோடு பேசும், கூலன்ட் எத்தனை டிகிரி என்று எண்ணாகக் காட்டும். டாஷ்போர்டு ஊசியை நம்பி இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நிறைய வண்டிகளில் எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே எந்தச் சூட்டிலும் ஊசி பாதியிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் அடிக்கடி பயப்படக்கூடாது என்பதற்காக. அது அசைய ஆரம்பித்தால் ஏற்கனவே தாமதம்.

எண்கள் இப்படி இருந்தன. வேளச்சேரி சாலையில் தடையில்லாமல் ஓடினால் 88, 89. சிக்னலில் நின்றதும் மெதுவாக ஏறி 97இல் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். நல்ல வண்டியில் ஃபேன் சுற்றினால் ஓரிரு நிமிடத்தில் சூடு நான்கைந்து டிகிரி இறங்கி, ஃபேன் நின்றுவிடும். என் வண்டியில் ஃபேன் சுற்றச் சுற்ற ஏறியது. 99, 102, 105. 108இல் கம்ப்யூட்டரே ஏசி கம்ப்ரஸரை நிறுத்திவிடும். இன்னொரு விசித்திரம், முழுதாக நிற்பதைவிட முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனால் இன்னும் மோசம். அறுபதைத் தாண்டினால் சட்டென்று இறங்கும்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். ஆனாலும் புரியவில்லை. ஃபேன் சுற்றுகிறது என்பதால் ஃபேனை நான் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். அதுவும் டிசம்பரில்தான் மாற்றியது. மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டியை விட்டதில் ஃபேன் மோட்டார் இறுகிப்போய், வேறொருவர் பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையிலிருந்து பழைய மோட்டார் வாங்கி வந்து மாட்டியிருந்தார். 'அது புதுசா மாத்தினது, அதுல ஒண்ணும் இருக்காது' என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெண்ணுக்கு எட்டு வயது. ஒருநாள் வீட்டு வாசலில் வண்டி நிற்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கேட்டைத் திறக்கப் போனவள் முன்பக்கம் நின்றுகொண்டு, "அப்பா, இங்க சூடா காத்து அடிக்குது, காலெல்லாம் சுடுது" என்றாள். இன்ஜின் என்றால் சுடத்தான் செய்யும், தள்ளி நில் என்று சொல்லிவிட்டேன். வண்டியின் நான்கு மாத நோய்க்கு அவள் ஒரே வரியில் காரணம் சொல்லியிருந்தாள்.

மே மாதம், கத்திரி வெயிலில், பேட்டரி வாங்கப் போனேன். கடைக்காரர் பெரியவர், டைனமோ சுற்றிய காலத்திலிருந்து ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். பேட்டரியை மாட்டிவிட்டு இன்ஜினை ஓடவிட்டிருந்தார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவர் பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். குனிந்து கிரில்லுக்கு முன்னால் கையை வைத்தார். என்னைப் பார்த்தார். கடைக்குள் போய், சாமி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து கிரில்லுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். புகை அவர் சட்டையை நோக்கி வந்தது.

"வண்டி நின்னா ஹீட் ஆகுமே?"

"ஆமாங்க ஐயா, நாலு மாசமா."

"ஃபேன் சுத்துது தம்பி. ஆனா உள்ள இழுக்க வேண்டியது வெளிய தள்ளுது."

மோட்டாருக்குப் போகிற இரண்டு ஒயர்களும் மாறியிருந்தன. பழைய மோட்டாரின் கப்ளர், அதாவது ஒயர்களை இணைக்கிற செருகி, என் வண்டியின் கப்ளரோடு சேரவில்லை போல. இரண்டையும் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். நேர்மின்னோட்ட மோட்டார்தானே, ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் புகார் சொல்லாமல் எதிர்ப்பக்கம் சுற்றும். ஃப்யூஸ் போகாது, விளக்கு எரியாது, சத்தம்கூட ஏறக்குறைய அதேதான்.

சின்ன கார்களில் ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் முன்னால், ரேடியேட்டர் அதன் பின்னால், ஃபேன் அதற்கும் பின்னால் இன்ஜின் பக்கம் இருக்கும். வெளிக்காற்றை முன்பக்கத்திலிருந்து இழுப்பது ஃபேனின் வேலை. என்னுடையது பானெட்டுக்குள் இருந்த அனலை எடுத்து ரேடியேட்டர் வழியாக வெளியே ஊதிக்கொண்டிருந்தது. இறக்கைகள் ஒரு பக்கத்துக்காக வளைக்கப்பட்டவை என்பதால் எதிர்ப்பக்கம் சுற்றும்போது தள்ளும் காற்றும் குறைவு. வேகமாகப் போனால் எதிர்க்காற்று ஃபேனைத் தோற்கடித்து உள்ளே வந்துவிடும், அதனால் நெடுஞ்சாலையில் எல்லாம் சரி. முப்பது, நாற்பதில் இரண்டும் சமபலத்தில் முட்டிக்கொண்டு ரேடியேட்டரில் காற்றே நகர்ந்திருக்காது. என் நோட்டில் எழுதியிருந்த விசித்திரத்துக்கு விடை அதுதான். நின்றால் ஏசி குளிரவில்லை என்பதும் அதே கதை, கண்டென்சருக்கும் அனல்தான் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் ஒயரை மாற்றி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நடு மத்தியானம், ஏசி போடாமல் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். 97 வரை ஏறும், ஃபேன் சுற்றும், 92க்கு இறங்கும், நிற்கும். மறுபடி 97. அந்த எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், டீகூட ஆறிப்போனது.

அப்பாவிடம் அம்பாஸடர் இருந்தது. அதில் ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே இருக்கும், பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றும். ஒயரும் கிடையாது, மாற்றிக் கொடுக்க வழியும் கிடையாது. இன்ஜினைக் குறுக்கே படுக்கவைத்த சின்ன கார்கள் வந்தபிறகு பெல்ட் ஒரு பக்கம், ரேடியேட்டர் ஒரு பக்கம் என்றாகிவிட்டதால்தான் மின்சார ஃபேன். "எங்க காலத்து வண்டில இதெல்லாம்..." என்று அப்பா ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை.

உங்களுக்கு இப்படி நின்றால் மட்டும் ஹீட் ஆன அனுபவம் உண்டா? கடைசியில் என்னவாக இருந்தது?

மலைக்கோட்டை மெக்கானிக்

தம்பி, படித்துச் சிரித்தேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறேன். நானும் ஓட்டிப் பார்த்துத்தான் ஓகே சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு டாக்ஸிக்காரர் திட்டும்வரை.

என்னிடம் வண்டி ஹீட் என்று வந்தால் இப்போதெல்லாம் பானெட்டைத் திறக்கும் முன் ஒரே கேள்விதான் கேட்பேன். எப்போது ஹீட் ஆகிறது? நின்றால் ஏறி ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் காற்றைப் பார்ப்பேன். ஓடினால் ஏறுகிறது, மேட்டில் ஏறுகிறது, நின்றால் பரவாயில்லை என்றால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும். இரண்டிலும் ஏறுகிறது என்றால் கூலன்ட் குறைவா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இது வேதவாக்கு இல்லை. பம்ப்புக்குள் இருக்கும் இறக்கை துரு தின்று தேய்ந்திருந்தால் ஸ்லோ ஸ்பீடில் தண்ணீர் நகராது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் நகரும். அதுவும் நின்றால்தான் ஹீட் ஆகும். அதைக் கண்டுபிடிக்க கார் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று, முறுக்கினால் சூடான காற்று என்றால் கூலன்ட் குறைந்திருக்கிறது, ஏர் லாக் ஆகியிருக்கிறது, இல்லை பம்ப் சோர்ந்துவிட்டது.

அந்த டாக்ஸி கதை. ஃபேன் சில நேரம் சுற்றும், சில நேரம் சுற்றாது. என் கடைக்கு வந்தால் சுற்றும், ஜங்ஷன் ஸ்டாண்டுக்குப் போனால் சுற்றாது. ரிலேவை மாற்றினேன், சென்சரை மாற்றினேன். மூன்றாவது தடவை அவரே வண்டியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்தி, "இப்ப பாருய்யா" என்றார். ஃபேன் நின்றிருந்தது. டெஸ்ட் பல்பு வைத்தால் மோட்டார் வரை கரன்ட் வருகிறது. ஒரு குச்சியால் மோட்டார் முதுகில் தட்டினேன், விர்ரென்று சுற்றியது. கார்பன் பிரஷ் தேய்ந்து, சூடானால் ஒட்டாமல் போயிருக்கிறது. கரன்ட் இருந்தும் சுற்றாமல், தட்டினால் சுற்றுகிறது என்றால் மோட்டார்தான். (பானெட்டுக்குள் கை விடும்போது ஜாக்கிரதை. நின்றிருக்கும் ஃபேன் எந்த நேரமும் சுற்றும், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும்.)

மோட்டார் நன்றாக இருந்து கட்டளைதான் வரவில்லை என்றால் கண்டுபிடிப்பது சுலபம். ஏசியைப் போடுங்கள். ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஃப்யூஸையும் விட்டுவிட்டு சென்சரைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் கூலன்ட் சென்சர் கப்ளரைக் கழற்றினால், 'சூடு தெரியவில்லை, எதற்கும் இருக்கட்டும்' என்று கம்ப்யூட்டரே ஃபேனைச் சுற்றவிடும். ரிலே சந்தேகம் என்றால் ஹாரன் ரிலே அதே நம்பரில் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிப்போடுங்கள். ஃபேன் சுற்றி ஹாரன் அடிக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு வேகம் உள்ள ஃபேன் என்றால் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், அது எரிந்தால் மெதுவான வேகம் மட்டும் போய்விடும். வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் ஃபேன் பெரிய சத்தத்தோடு ஆரம்பிக்கும்.

ஆனால் ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. இனிமேல் பார்ப்பேன். ஊதுவத்தி வேண்டாம், ஒரு துண்டு நியூஸ் பேப்பர் போதும். கிரில்லில் ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் தப்பு.

நூல்மில் ரோடு

எனக்கு நடந்தது திருப்பூரில். ஃபேன் சரியாகச் சுற்றியது, சரியான பக்கம்தான். பேப்பர் வைத்தாலும் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன், லேசாக. வேலை பார்க்கிற இடம் நூல்மில், வண்டியை நிறுத்துவது பஞ்சு கழிவு வெளியே வருகிற பக்கம். அங்குதான் நிழல்.

முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். வாட்டர் சர்வீஸில் மாதம் ஒருமுறை அடித்துவிடுகிறேனே! ஒரு பையன் கண்டென்சரின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்துக் காட்டினான். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, அதில் பஞ்சும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு விரிப்பு. உரித்து எடுத்தோம், நிஜமாகவே உரித்து. மாதாமாதம் நான் அடித்த தண்ணீர்தான் அந்தப் பஞ்சை உள்ளே தள்ளித் தள்ளி அழுத்தியிருக்கிறது. சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்ததில் கண்டென்சர் தகடுகளும் பாதி இடத்தில் மடங்கிப்போய்க் காற்று போக வழியில்லை. பழைய டூத் பிரஷை வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை நிமிர்த்தினேன்.

இப்போது வண்டி வெயிலில் நிற்கிறது, நான் நிழலில் நடந்து போகிறேன்.

கீரிமலை வான்காரன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது பழைய ஜப்பான் வான், டீசல். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரைத்தான் றேடியேற்றருக்கும் வருடக்கணக்காக ஊற்றினோம். கூலன்ட் என்றால் காசுள்ளவர்களின் பண்டம் என்ற எண்ணம்.

வான் நின்றால் கொதிக்கத் தொடங்கியது. கராஜில் ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "எங்கட வெயிலுக்கு இது ஏன் அண்ணை? குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் தேவை" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் முன்பைவிட மோசம்! சந்தியில் நின்றாலே ஊசி ஏறுகிறது.

கடைசியில் வேறொருவர் விளங்கப்படுத்தினார். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் றேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறக்க வேண்டும், அதே நேரத்தில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்குவழியை அடைக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கும் மனிதர்களைப் போலத்தான், குறுக்குவழி இருந்தால் நேர்வழியில் ஏன் போகப்போகிறது? சூடான தண்ணீர் றேடியேற்றரை எட்டிப்பார்க்காமல் இன்ஜினையே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. புதிய தெர்மோஸ்டாட், சுண்ணாம்பு கரைத்துக் கழுவிய றேடியேற்றர், கூலன்ட். மூன்று வருடமாகத் தொந்தரவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்லுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேளாதீர்கள்.

ஊசி இறங்கியவன்

எல்லாரும் கடைசியில் சரியான கதை சொல்கிறீர்கள். என்னுடையது அப்படியில்லை.

திண்டிவனம் தாண்டி, விபத்து ஒன்றினால் சாலை அடைத்து நின்றது. ஊசி சிவப்பைத் தொட்டது. இன்ஜினை அணைக்கலாம் என்றால் பின்சீட்டில் அம்மா, வெளியே மே மாத வெயில். ஏசி ஓடட்டும் என்று விட்டேன். பத்து நிமிடத்தில் ஊசி சரசரவென்று இறங்கி ஜில் பக்கம் போய்விட்டது. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை வீட்டில் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள்.

சரியாகவில்லை. தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போயிருந்தது. சென்சர் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும், சுற்றி வெறும் காற்றும் ஆவியும் என்றால் ஊசி இறங்கிவிடும். சாலை திறந்ததும் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், டக்டக்கென்று சத்தம், இழுவை போனது, நின்றது.

இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஃபில்டர் காபி நுரை மாதிரி இருந்தது, ஆயிலும் தண்ணீரும் கலந்தது. லேத்தில் ஹெட்டை ஃபேஸிங் பிடித்து, கேஸ்கெட் செட் மாற்றி, எல்லாம் முடிய முப்பத்தெட்டாயிரம். இத்தனைக்கும் ஆரம்பம் என்ன தெரியுமா? ரேடியேட்டர் ஃபேன் ஃப்யூஸ். முப்பது ரூபாய் இருக்கும்.

புது வண்டி

என் காரில் டெம்பரேச்சர் ஊசியே இல்லை. ஸ்டார்ட் செய்தால் நீல விளக்கு எரிந்து அணையும், அவ்வளவுதான். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று முழுக்க டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டு கேள்வி. டிராஃபிக்கில் மாட்டி ஹீட் ஆனால் ஹீட்டரைப் போடச் சொல்கிறார்களே, நிஜமா? தண்ணீர் ஊற்றலாமா?

மலைக்கோட்டை மெக்கானிக்

நீலம் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்கு. ஹீட் ஆனால் சிவப்பு எரியும். அது எரிந்தபின் 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று ஓட்டாதீர்கள். பயமாக இருந்தால் தாம்பரம் தம்பி சொன்ன ஓபிடி கருவியை வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் நிஜம். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், காற்றையும் முழு வேகத்தில் வையுங்கள். டாஷ்போர்டுக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உங்களுக்கு வெந்துபோகும், இன்ஜினுக்குக் கொஞ்சம் ஆறும். ஐந்து நிமிடத்தை ஓட்ட உதவும். அதற்கும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது பற்றி. என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு இருக்கிறது. பதினேழு வயதில், சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியைச் சாக்கை வைத்துத் திறந்ததற்குக் கிடைத்தது. 0.9 என்று போட்ட மூடி நன்றாக இருந்தால் உள்ளே தண்ணீர் நூறில் கொதிக்காது, 118ஐ ஒட்டித்தான் கொதிக்கும். அழுத்தம் அப்படிப் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் திறந்த நொடி அழுத்தம் போய், நூற்றுப்பத்து டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்துக்கு வரும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டு அழுத்திப் பாருங்கள், கை பொறுக்கிற சூட்டில் மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வையுங்கள். அப்புறமும் குளிர்ந்த தண்ணீரைச் சூடு மிச்சமிருக்கிற இன்ஜினில் ஒரேயடியாக ஊற்றக் கூடாது, ஹெட் விரிசல் விட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இன்ஜினை ஓடவிட்டு ஊற்றுங்கள்.

நூல்மில் ரோடு

தாம்பரத்தான், அந்த டிசம்பர் மோட்டார் மாட்டியவரிடம் போய்க் கேட்டீர்களா?

தாம்பரத்தான்

போனேன். சண்டை போடத்தான் போனேன். சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது. கப்ளர் சேரவில்லை என்று ஒயரை வெட்டியதும், இரண்டும் கறுப்பு ஒயர், கோடு அழிந்துபோயிருந்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. "சுத்துதான்னு பாத்தேன் சார், எந்தப் பக்கம்னு பாக்கல" என்றார். என்னிடமும் அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை, நான்கு மாதம் நானும் அதைத்தானே பார்த்தேன். மோட்டார் மாட்டிய கூலியைத் திருப்பிக் கொடுக்க வந்தார், டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் மறுபடி ஊருக்குப் போய் வந்தோம். திரும்பும்போது ஞாயிறு இரவு, பரனூரில் நாற்பது நிமிடம் ஊர்ந்தோம். ஏசி முழுக்க. 97ஐத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெண் முன்னால் போய் நின்று காலைக் காட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப சுடல" என்று எனக்கு அனுமதி கொடுத்தாள்.

இன்னொன்று. கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடவில்லை. கீரிமலை நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அதை நூலில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன், பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். மேலே 82 என்று பொறித்திருக்கிறது. 82ஐ ஒட்டியே அழகாகத் திறக்க ஆரம்பித்தது. ஆறவைத்தால் மூடிக்கொள்கிறது. இரண்டு தடவை பார்த்தாயிற்று. பழைய பம்ப்பும் கையில் சுற்றினால் ஆட்டமில்லாமல் சுற்றுகிறது. அதே மாடல் வண்டி வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், இரண்டையும் சும்மாவே தருகிறேன்.